நீரிழிவு ஆராய்ச்சியில் சேரலாமா?

நமது வாசகர்களில் ஒருவர், மில் தொழிலாளி, நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு ஒன்பது வருஷ காலமாகச் சர்க்கரை வியாதி இருந்து வருகின்றதாம். வேளா வேளைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தும் சர்க்கரை அடங்கவில்லையாம். அவர் வழக்கமாகப் போய்வரும் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரைக் கூப்பிட்டு, “புது மருந்து ஒன்றைப் பரீட்சை செய்யும் ஆராய்ச்சி இங்கு நடக்கின்றது. இப்போது சாப்பிடும் மாத்திரையோடு பாதிப்பேருக்கு அந்த மருந்தும், பாதிப்பேருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுக்கப்படும். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்குகிற மாதிரி முடிவாகும். ஒரு வருஷத்துக்கு மாதம் தவறாமல் வரவேண்டும். சேருகிறீர்களா?” என்று கேட்டாராம். பல பக்கங்கள் கொண்ட சம்மதப் பத்திரம் ஒன்றையும் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு வரும்படி சொன்னாராம்.

வீட்டிலோ மூன்று அபிப்பிராயங்கள். மனைவியார், “உங்களை எலியாக்கப் பார்க்கிறார்கள், வேண்டவே வேண்டாம்” என்கிறாராம். தம்பி, “ஒரு வருஷத்துக்கு மருந்தும் ரத்தப் பரிசோதனையும் இனாம், பஸ் சார்ஜும் கொடுக்கிறார்கள், விடாதே அண்ணா” என்கிறாராம். தாயார், “தலையில் எழுதினது எப்படியோ அப்படித்தான் நடக்கும், எதில் சேர்ந்தால் என்ன?” என்கிறாராம். நமது தோழர் கடைசியில் எழுதுவதாவது: “எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கோபித்துக் கொண்டு அப்புறம் சரியாகப் பார்க்க மாட்டாரோ என்பதுதான் பெரிய பயமாயிருக்கிறது. இதில் பத்திரிகையின் அபிப்பிராயம் என்ன?”

இந்தக் கேள்வி ஒரு தோழருடைய கேள்வி மாத்திரம் அல்ல. 2023-ம் வருஷம் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்குப்படி, இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர். நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது என்பதை வாசகர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். நாட்டின் பல மாகாணங்களில் 1,13,043 பேர், தங்களுக்கு உடனே பெரிய லாபம் ஒன்றும் இல்லாவிட்டாலும், வீட்டுக்கு வந்து கேட்டவர்களிடம் கையை நீட்டிப் பதில் சொன்னதால்தான் இது கிடைத்தது. அதுவும் ஆராய்ச்சியில் சேருவதுதான். ஆகவே சேரலாமா கூடாதா என்கிற கேள்வி இன்று அந்தத் தோழர் வீட்டில் இருக்கின்றதென்றால், நாளைக்கு நம் ஒவ்வொருவர் வீட்டிலும் வரக்கூடியதேயாகும்.

அவர் வீட்டிலுள்ள மூன்று அபிப்பிராயங்களும் நாட்டிலுள்ள மூன்று அபிப்பிராயங்களேயாகும். ஆதலால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்ளுவோம்.

முதலாவது, தாயாருடைய தலையெழுத்து. அந்த அம்மாளை நாம் குறை சொல்ல வரவில்லை. அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டதை அவர்கள் சொல்லுகிறார்கள். ஆனால் 1922-ம் வருஷத்துக்கு முன் சிறு பிள்ளைக்கு நீரிழிவு வந்தால், உலகத்தின் எந்த மூலையிலும் அந்தப் பிள்ளைக்குத் தலையெழுத்து ஒன்றுதான் இருந்தது. எலும்பும் தோலுமாகி, மயக்கம் போட்டு, ஒன்றிரண்டு வருஷத்தில் செத்துப் போவதே அது. அந்தத் தலையெழுத்தை அழித்தது எது? கனடா தேசத்தில் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்கிற இருவரும், அவர்களோடு மாக்லியாட், காலிப் என்பவர்களும் மிருகத்தின் கணையத்திலிருந்து ஒரு சாற்றை எடுத்தார்கள். 1922 ஜனவரி 11-ந் தேதி லியோனார்ட் தாம்சன் என்கிற 14 வயதுப் பையனுக்கு அது ஊசியாகப் போடப்பட்டது. அந்த முதல் ஊசி பயன்படவில்லை. மருந்து சுத்தமாக இல்லாததால் ஊசி போட்ட இடம் பழுத்ததுதான் மிச்சம். காலிப் அதைச் சுத்தம் செய்து கொடுத்தபின், ஜனவரி 23-ந் தேதி போட்ட ஊசியில் பையனுடைய சர்க்கரை இறங்கிற்று. அவன் பிழைத்து இன்னும் 13 வருஷம் உயிரோடிருந்தான். அதுதான் இன்சுலின். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு விற்றுவிட்டார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது டாக்டர்களுடைய பெருமை மாத்திரமல்ல. முதல் ஊசி தோற்ற பிறகும் இரண்டாவது ஊசிக்குக் கையைக் கொடுத்த அந்தப் பையனும், அதற்குச் சம்மதித்த அவன் தகப்பனாரும் இல்லாவிட்டால் அந்த மருந்து மனிதருக்கு ஆகுமா என்பது தெரிந்திருக்காது. இன்று நம்மில் இன்சுலின் போட்டுக் கொள்ளுகிற ஒவ்வொருவரும், மெட்பார்மின் மாத்திரை விழுங்குகிற ஒவ்வொருவரும் யாரோ முகந்தெரியாத ஒருவருடைய உடம்பில் பரீட்சை செய்யப்பட்ட பிறகு வந்த பலனைத்தான் அனுபவித்து வருகின்றோம். இங்கிலாந்தில் 1977 முதல் 1997 வரை 20 வருஷ காலம் 23 ஆஸ்பத்திரிகளில் 5,102 பேர் ஓர் ஆராய்ச்சியில் இருந்தார்கள். பருத்த உடம்புள்ள வியாதியஸ்தர்களுக்கு மெட்பார்மின் ஆயுளைக் காக்கின்றது என்பது அதிலிருந்துதான் நிச்சயமாயிற்று. தலையெழுத்து என்று அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நமக்கு இன்று அந்த மாத்திரையின் அருமை தெரிந்திருக்குமா என்று கேட்கின்றோம்.

இரண்டாவது, மனைவியாருடைய பயம். இதை நாம் மூடப்பயம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் போதிய காரணம் உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தில் 1932 முதல் 1972 வரை 40 வருஷம் சர்க்கார் சுகாதார இலாகாவே ஓர் ஆராய்ச்சி நடத்திற்று. மேகநோய் கண்ட 399 ஏழை நீக்ரோக்களும், நோயில்லாத 201 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். உங்கள் ரத்தம் கெட்டிருக்கிறது, வைத்தியம் செய்கிறோம் என்று அவர்களிடம் சொன்னார்களேயொழிய, உண்மை சொல்லவில்லை. அந்த நோயைத் தீர்க்கக் கூடிய பென்சிலின் மருந்து வந்த பிறகும் அதை அவர்களுக்குக் கொடுக்காமல், நோய் எப்படி வளர்கின்றது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1972-ல் பத்திரிகைகளில் சங்கதி வெளியான பிறகுதான் நிறுத்தினார்கள். அந்த நாட்டு ஜனாதிபதி மன்னிப்புக் கேட்டது 1997-ல்.

அமெரிக்கா வரையில் போக வேண்டியதில்லை. நமக்குப் பக்கத்தில் ஆந்திரத்தில் கம்மம் ஜில்லாவில் 2009-ல் பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் தடுப்பூசி போட்டுப் பார்க்கிற திட்டம் ஒன்று நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த எத்தனையோ ஏழைப் பெண்களுக்குத் தாய் தகப்பனுக்குப் பதிலாக விடுதி வார்டனே கையெழுத்துப் போட்டார். 2013-ல் பார்லிமெண்டு கமிட்டியே இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கையெழுத்து யாருடைய உடம்புக்காகப் போடப்பட்டதோ அவர்களும் கேட்கப்படவில்லை; பெற்றவர்களும் கேட்கப்படவில்லை. இரண்டு தேசத்திலும் அகப்பட்டுக் கொண்டவர்கள் யார் என்று பார்த்தால் ஏழைகள், படிக்காதவர்கள், கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர்களே. ஒரு ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கோ, ஒரு மந்திரி வீட்டுப் பெண்ணுக்கோ இப்படி வார்டன் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

ஆகவே அந்த அம்மாளுடைய சந்தேகம் நியாயமானதே. ஆனால் “எலி” என்று சொன்னார்களே, அந்த வார்த்தையைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எலியை யாரும் கேட்பதில்லை. எலி வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. நடுவில் கூண்டை விட்டுப் போகவும் முடியாது. மனிதனுக்கும் எலிக்கும் ஆராய்ச்சிச் சாலையில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். மனிதனிடத்தில் உண்மையைச் சொல்லி, வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு இடம் கொடுத்து, பிறகு சம்மதம் வாங்கினால் அவன் ஆராய்ச்சியில் ஒரு பங்காளி. சொல்லாமலும், வேண்டாம் என்று சொல்ல முடியாதபடியும் வைத்து வாங்கினால், பல பக்கங்களில் கையெழுத்து இருந்தாலும் அவன் எலிதான். மறுக்க முடியாத இடத்தில் சம்மதம் என்பதற்கு அர்த்தமே கிடையாது.

மூன்றாவது, தம்பியின் “இனாம்”. இதுதான் மூன்றிலும் மிகவும் ஏமாற்றக் கூடியது. ஏனென்றால் அதில் ஓர் அடிப்படைத் தவறு இருக்கின்றது. சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு. சிகிச்சையில் டாக்டர் உமக்கு எது நல்லது என்று பார்த்துக் கொடுக்கிறார். ஆராய்ச்சியிலோ எது நல்லது என்று இன்னும் தெரியாததனாலேயே கொடுத்துப் பார்க்கிறார்கள். தெரிந்திருந்தால் சீட்டுக் குலுக்க வேண்டிய அவசியம் என்ன?

இந்தச் சீட்டுக் குலுக்கலும் வெற்று மாத்திரையும் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சந்தையில் ஒருவன் ஒரு வேரைக் காய்ச்சிக் கொடுத்து, “இதைச் சாப்பிட்ட பத்துப் பேருக்குச் சர்க்கரை போய்விட்டது” என்று சொல்லுகிறான் என்று வைத்துக் கொள்ளுவோம். அந்தப் பத்துப் பேரும் கஷாயத்தோடு கூடச் சோற்றைக் குறைத்தார்களா? பழைய மாத்திரையையும் விடாமல் சாப்பிட்டார்களா? சாப்பிட்டுக் குணமாகாதவர்கள் எத்தனை பேர்? இதற்கெல்லாம் அவனிடம் பதில் கிடையாது. கஷாயம் சாப்பிட்டவர்களைப் போலவே சகல விதத்திலும் ஒத்த இன்னும் பத்துப் பேருக்கு வெறுந்தண்ணீரைக் கஷாயம் போலவே கொடுத்து, கொடுப்பவனுக்கும் சாப்பிடுபவனுக்கும் எது எதென்று தெரியாமல் வைத்து, கடைசியில் கணக்குப் பார்த்தால்தான் உண்மை வெளியாகும். சாமியாருடைய விபூதியையும் இந்தத் தராசில் வைக்கலாம். பெரிய கம்பெனியினுடைய மாத்திரையையும் இதே தராசில்தான் வைக்க வேண்டும். பகுத்தறிவு என்பதற்கு வைத்தியத்தில் இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தோன்றவில்லை.

பெரிய டாக்டர்களுடைய நிச்சயங்களும் இந்தத் தராசில் விழுந்திருக்கின்றன. சர்க்கரையை எவ்வளவுக்கெவ்வளவு தாழ்த்துகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு இருதயத்துக்கு நல்லது என்று வெகுகாலம் பலர் நம்பினார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மூன்று மாதச் சர்க்கரையை 6-க்கும் கீழே கொண்டுவரக் கடுமையாக மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் கணக்கெடுத்தபோது சாதாரணப் பிரிவில் 203 பேரும், கடுமையான பிரிவில் 257 பேரும் இறந்திருந்தார்கள். உடனே அந்தக் கடும் சிகிச்சையை நிறுத்திவிட்டார்கள். வயதானவர்களுக்கும் இருதய நோய் உள்ளவர்களுக்கும் சர்க்கரையை ஒரேயடியாக அமுக்கக் கூடாது என்று இன்று டாக்டர்கள் ஜாக்கிரதையாக இருப்பதற்கு அந்த ஆராய்ச்சி ஒரு முக்கிய காரணம். லட்சக்கணக்கானவர்களுக்கு நன்மை கிடைத்தது. ஆனால் சேர்ந்தவர்களில் சிலருக்கு நஷ்டம் நேர்ந்தது. இதை மறைத்துவிட்டு “சேருங்கள், சேருங்கள்” என்று சொல்லுவதற்கு நாம் தயாராயில்லை. இனாம் மாத்திரைக்காகவும் பஸ் சார்ஜுக்காகவும் சேருகிறவன் இந்த நஷ்டத்தை எண்ணிப் பார்க்காமலேயே சேருகிறான்.

நிற்க, இவ்வளவு சங்கடம் இருக்கும்போது, வெள்ளைக்காரர்களே அவர்கள் நாட்டில் பரீட்சை செய்து கொள்ளட்டும், முடிந்த மருந்தை நாம் கடையில் வாங்கிக் கொள்ளுவோம் என்று சிலர் சொல்லக்கூடும். இது சுயமரியாதை உள்ள பேச்சல்ல என்பது ஒருபுறமிருக்க, காரியத்துக்கும் உதவாது. ஏனெனில் உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு. நீரிழிவின் வாசற்படியில் நிற்பவர்களை அதில் விழாமல் தடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துப் பார்த்து 2002-ல் முடிவு வெளியிட்டார்கள். சென்னையிலும் அதே மாதிரி 531 பேரை வைத்துப் பார்த்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் தனிச் சிகிச்சையில்லாமல் விடப்பட்டவர்களில் மூன்று வருஷத்தில் நூற்றுக்குச் சுமார் 29 பேருக்கு நீரிழிவு வந்தது. இங்கோ, அவர்களைவிட மெலிந்த உடம்பாயிருந்தும், நூற்றுக்கு 55 பேருக்கு வந்தது. நடையும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவர்களில் அது 39 ஆகவும், மெட்பார்மின் சாப்பிட்டவர்களில் 40 ஆகவும் குறைந்தது. அமெரிக்காவில் வேளைக்கு 850 மில்லிகிராமாகத் தினம் இரண்டு வேளை கொடுத்த அதே மாத்திரை, இங்கே வேளைக்கு 250 மில்லிகிராம் கொடுத்ததிலேயே பலன் தந்தது. சென்னையில் அந்த 531 பேரும் “நமக்கென்ன” என்று இருந்திருந்தால், நம் ஜனங்களுக்கு ஆபத்து எவ்வளவு என்பதும் தெரிந்திருக்காது. எவ்வளவு மருந்து போதும் என்பதும் தெரிந்திருக்காது.

ஆனால் இதிலும் ஒரு குறையைச் சொல்லாமல் விடமுடியவில்லை. அந்த 531 பேரில் ஆண்கள் 421, பெண்கள் 110. சர்க்கரை வியாதி ஆண் பெண் பார்த்து வருவதில்லை. பெண்களுக்கு அடுப்பங்கரையை விட்டு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போக ஒழிவு ஏது? புருஷனைக் கேட்காமல் கையெழுத்துப் போடத்தான் எத்தனை வீட்டில் விடுவார்கள்? பெண்ணின் உடம்புக்குச் சம்மதம் கொடுக்க வேண்டியவள் அந்தப் பெண்ணே. வீட்டில் கலந்து பேசுவது நல்லது. ஆனால் புருஷன் கையெழுத்து மனைவியின் கையெழுத்தாகாது. இதை நமது ஆண் தோழர்கள் நினைவில் வைப்பார்களாக.

இனி, சேருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுகின்றோம். ஆராய்ச்சி என்பதெல்லாம் ஒரே தினுசு அல்ல. ரத்தம் எடுத்துக் கேள்வி கேட்பதோடு முடிவது ஒன்று. நடை, உணவு இவைகளை மாற்றிப் பார்ப்பது ஒன்று. ஏற்கனவே கடையில் விற்கும் இரண்டு மருந்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்று. புது மருந்தைப் பரீட்சை செய்வது ஒன்று. புது மருந்திலும் முதல் கட்டம் மிகச் சிலருக்குக் கொடுத்து உடம்பு தாங்குமா என்று பார்ப்பது. மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பழைய சிகிச்சையோடு ஒப்பிடுவது. ஆபத்தும் அதற்குத் தக்கபடி வித்தியாசப்படும். ஆகவே பத்திரத்தைக் கையில் வைத்துக் கொண்டு, தயக்கமில்லாமல் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. இந்த ஆராய்ச்சி எதைக் கண்டுபிடிக்க நடக்கின்றது? புது மருந்தானால் எத்தனையாவது கட்டம்?

2. நான் இப்போது சாப்பிடும் மாத்திரையை நிறுத்துவீர்களா? எனக்கு வெற்று மாத்திரை விழுந்து சர்க்கரை ஏறிக் கொண்டே போனால் எந்த அளவில் வேறு மருந்து கொடுப்பீர்கள்?

3. இதுவரை இந்த மருந்தினால் தெரிந்த கெடுதல்கள் யாவை? நடுராத்திரியில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

4. கெடுதல் நேர்ந்தால் வைத்தியச் செலவு யாருடையது? புது மருந்துப் பரீட்சைகளுக்கு 2019-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. அவற்றின்படி இலவச வைத்தியமும், பரீட்சையினால் நேர்ந்த கெடுதலுக்கும் மரணத்துக்கும் நஷ்ட ஈடும் கொடுக்க வேண்டும். நஷ்ட ஈட்டுக்கு உரியவர் பெயரைப் பத்திரத்தில் எழுதும் இடம் காலியாக இருக்கக் கூடாது.

5. எந்த எதிக்ஸ் கமிட்டி இதை அனுமதித்தது? சட்டப்படி அதில் ஏழு பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவரும், பெண் ஒருவரும், வைத்தியரல்லாத சாதாரண மனிதர் ஒருவரும் அவர்களில் இருக்க வேண்டும். அவர்களோடு பேசுவதற்கு வழி பத்திரத்தில் எழுதியிருக்கின்றதா?

6. சி.டி.ஆர்.ஐ. என்னும் இந்திய ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்த எண் என்ன? மருந்துப் பரீட்சைகளுக்கு இந்தப் பதிவு 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். எண் சொல்ல முடியாவிட்டால் அங்கே மேற்கொண்டு பேச்சு வேண்டியதில்லை.

7. பணம் யாருடையது? என்னைச் சேர்ப்பதனால் ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் வருவது என்ன?

8. என் ரத்தமும் என்னைப் பற்றிய விவரமும் எங்கே போகும்? யார் பார்ப்பார்கள்?

9. ஆராய்ச்சி முடிந்தபின் மருந்து நல்லதென்று தெரிந்தால் எனக்குக் கிடைக்குமா? முடிவை எனக்குச் சொல்லுவீர்களா?

10. நடுவில் விலகலாமா? விலகினாலும், ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றாலும், என்னுடைய வழக்கமான வைத்தியம் குறையாதல்லவா?

இந்தப் பத்தாவது கேள்வியைத்தான் நமது தோழர் எல்லாவற்றிற்கும் முந்திக் கேட்க வேண்டும் என்போம். காரணம் சொல்லாமலே எந்த நிமிஷத்திலும் விலகலாம், அதனால் வைத்தியத்துக்குக் குறைவு வராது என்பது சட்டமே கொடுத்திருக்கும் உரிமை. எவருடைய தயவும் அல்ல. அவர் உள்ளத்தில் இருக்கும் பயத்தை டாக்டரிடமே வாய்விட்டுச் சொல்லட்டும். “நான் வேண்டாம் என்றால் கோபித்துக் கொள்வீர்களா?” என்று கேட்கட்டும். யோக்கியமான டாக்டரானால் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்படுவார். உட்கார வைத்துப் பதில் சொல்லுவார். முகத்தைச் சுளித்து, “கையெழுத்துப் போடு, எல்லாம் நான் பார்த்துக் கொள்ளுகிறேன்” என்றாரானால் அந்த ஒரு வார்த்தையே போதுமான பதில். வேறு ஒன்பது கேள்விகளும் அநாவசியம். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். டாக்டரைத் தெய்வமாக்கிக் கும்பிடுவதும் மூடத்தனம். டாக்டர்களெல்லாம் கம்பெனியின் கையாட்கள் என்று தூற்றுவதும் மூடத்தனம். அவர்களும் நம்மைப் போல் மனிதர்கள். கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்மதப் பத்திரம் கையெழுத்துப் போடுகிறவனுடைய பாஷையில் இருந்தால் மாத்திரம் போதாது. அவனுக்குப் புரிகின்ற தமிழில் இருக்க வேண்டும். வக்கீல் தமிழில் பத்துப் பக்கம் எழுதி நீட்டுவது கம்பெனியைக் காப்பாற்றலாம், வியாதியஸ்தனைக் காப்பாற்றாது. படிக்கத் தெரியாதவருக்குச் சம்பந்தமில்லாத சாட்சியை வைத்துக் கொண்டு படித்துக் காட்ட வேண்டும். கூட்டம் நெருக்கும் வேளையில் கையெழுத்து வாங்காமல், நம் தோழரிடம் செய்தது போல வீட்டுக்கு அனுப்பி யோசிக்க விடவேண்டும். ஆராய்ச்சி முடிந்த பின் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு, “உங்களால் தெரிந்தது இது” என்று சொல்ல வேண்டும். இதைச் செய்யாததனால்தான் நம் ஜனங்களுக்கு ஆராய்ச்சி என்றாலே எலி ஞாபகம் வருகின்றது.

அதுபோலவே சேருகிறவர்களுக்கும் கடமை உண்டு. சேர்ந்துவிட்டு மாத்திரையைச் சாப்பிடாமல் சாப்பிட்டேன் என்பதும், மறைவில் கஷாயம் குடிப்பதும், கணக்குப் புத்தகத்தில் சர்க்கரை அளவைக் குறைத்து எழுதுவதும் டாக்டரை ஏமாற்றுவதல்ல. பின்னால் அந்த மருந்தைச் சாப்பிடப் போகும் லட்சக்கணக்கானவர்களை ஏமாற்றுவதாகும். முடியாவிட்டால் விலகுவதாகச் சொல்லிவிட்டு விலகுவதே யோக்கியம். மருந்தைத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லி நிறுத்துவது உடம்புக்கும் நல்லது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த ஓர் ஆராய்ச்சியில், இன்சுலின் போட்டுக் கொண்டு வாழும் 1,441 இளைஞர்கள் சேர்ந்தார்கள். சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்திய பிரிவினருக்குத் தாழ்சர்க்கரை மயக்கம் மூன்று பங்கு அதிகமாக வந்தது. அப்படியிருந்தும் ஏறக்குறைய அத்தனை பேரும் கடைசிவரை இருந்தார்கள். கண் கெடுவதை நூற்றுக்கு 76 பங்கும், சிறுநீரகம் கெடுவதை 50 பங்கும் குறைக்கலாம் என்பது அவர்களாலேயே உலகத்துக்குத் தெரிந்தது. அவர்கள் எலிகளுமல்ல, தியாகிகளுமல்ல. தெரிந்து சேர்ந்த மனிதர்கள்.

ஆகவே நமது தோழருக்கு நாம் சொல்லுவதாவது: தாயாருடைய தலையெழுத்தை விட்டுத் தள்ளும். தம்பியின் இனாமைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மனைவியாரை மாத்திரம் ஆஸ்பத்திரிக்குக் கூடவே அழைத்துக் கொண்டு போம். அவர்களுக்குத்தான் சந்தேகம் அதிகம். ஆகவே அவர்களே கேள்விகளைக் கேட்கட்டும். டாக்டர் பொறுமையாகப் பதில் சொல்லி, வேண்டாம் என்று சொல்லவும் தடையில்லை என்பது உமக்கு நிச்சயப்பட்டு, ஆபத்தும் உம் குடும்பம் தாங்கக் கூடியது என்று உமக்கே பட்டால், தாராளமாகச் சேரும். அது தருமமல்ல, முன்னே கையை நீட்டியவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் ஒரு பகுதியைத் தீர்ப்பதாகும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேண்டாம் என்று தலைநிமிர்ந்து சொல்லிவிட்டு, வழக்கம்போல் அடுத்த மாதம் அதே ஆஸ்பத்திரிக்குப் போய் உம் மாத்திரையைக் கேட்டு வாங்கும். அதற்காக நீர் வெட்கப்பட வேண்டிய அவசியம் சிறிதும் இல்லை. இரண்டில் எதைச் செய்தாலும், கையெழுத்து உம்முடையதாக இருக்கட்டும். பயத்தினுடையதாகவோ, பஸ் சார்ஜினுடையதாகவோ இருக்க வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயமாகும்.